முள்வாங்கியும் மிதிவண்டியும்

அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பந்தல்குடியை அடைந்து, அங்கிருந்து எந்தக் கிராமத்துப் பாதையில் மிதிவண்டியைத் திருப்பினாலும் கண்ணில் படுவது சீமைக் கருவேலம். 1877-இல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், விறகாகவும் கரியாகவும் எத்தனையோ ஏழைகளின் அடுப்பை எரிய வைத்திருக்கிறது; மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் முள் செய்யும் தீங்கை, உச்சி வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்களே அறிவர்.

தமிழக அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் 2005-06 முதல் இலவச மிதிவண்டி கிடைக்கலாயிற்று. வண்டி வந்துவிட்டது, பஞ்சர் ஒட்டும் கடை ஊருக்கு ஊர் இல்லை. அத்தா பிழைப்புக்காக வளைகுடாவில் இருப்பார். அண்ணன் வெளியூரில் இருப்பான். காற்றிறங்கிய வண்டி சுவரில் சாய்ந்து கிடக்க, 'இன்று வேண்டாம், நாளை போகலாம்' என்று தொடங்கும் விடுப்பு, படிப்பையே நிறுத்திவிடுவதும் உண்டு. அந்த வண்டியை ஓட்ட வைக்கத் தேவையான கருவிகளில் பெரும்பாலானவை நம் அடுக்களையிலேயே கிடக்கின்றன என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பெண்பிள்ளை இரும்பைத் தொடுவதா என்று கேட்போர் புதுக்கோட்டையை நினைத்துப் பார்க்கட்டும். 1991-92-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அங்கு அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தது. வயல் வேலை செய்வோரும், கல்லுடைப்போரும், நம் சமுதாயப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினர். பெண்களுக்கான வண்டிகள் தட்டுப்பட்டபோது ஆண்கள் வண்டியையே எடுத்துக்கொண்டனர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் இருந்தனர்!

காற்றடைத்த டயரே கைவேலையாகப் பிறந்ததுதான். பெல்பாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காக ரப்பரைக் குழாயாக்கிக் காற்றடைத்துப் பார்த்தார். 1888-இல் காப்புரிமை பெற்றார்.

காற்றிறங்கினால் உடனே டயரைக் கழற்றிவிடாதீர்கள். முதலில் காற்றடைத்து, வால்வின் வாயில் ஒரு துளி நீர் விடுங்கள். குமிழி வந்தால், உள்ளிருக்கும் மெல்லிய வால்டியூப் நைந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றினால் போதும்.

குமிழி வராவிட்டால் டயரைக் கழற்றத்தான் வேண்டும். பழைய இரும்புத் தோசைக் கரண்டிகள் இரண்டின் காம்புகளைச் சாண் நீளத்துக்கு வெட்டி, நுனியைச் சற்றே வளைத்துக்கொள்ளுங்கள். விளிம்பைக் கல்லில் தேய்த்து நன்றாக மழுக்க வேண்டும். கூர் மிஞ்சினால் முள் போட்ட ஓட்டையோடு நீங்கள் போட்டதும் சேரும். டியூப் முழுவதையும் முக்கப் பெரிய தொட்டி எதற்கு? தண்ணீருக்குக் குடம் சுமக்கும் ஊரில் ஒரு கிண்ணம் நீரே போதும். காற்றடைத்த டியூப்பைச் சிறிது சிறிதாக அதற்குள் நகர்த்திக்கொண்டே வந்தால் ஓட்டை தானே சொல்லும்.

பால்மாவு டப்பாவின் தகர மூடியில் ஆணியால் நெருக்கமாகத் துளையிட்டு, சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு மரத்துண்டில் அறைந்தால் அரம் ஆயிற்று. ஈரம் உலர்ந்தபின் ஓட்டையைச் சுற்றிலும், பழைய டியூப்பிலிருந்து வட்டமாக வெட்டிய ஒட்டையும் இதனால் உரசுங்கள். சதுரமாக வெட்டினால் மூலைகள் எழும்பிவிடும். இரண்டிலும் சொலூஷனை மெல்லியதாகத் தடவியதும் ஒட்டிவிடும் அவசரம்தான் பலருடைய வேலையைக் கெடுக்கிறது. விரலில் பிசுக்கென்று ஒட்டாத அளவுக்கு உலரும்வரை, ஏறத்தாழ ஐந்து நிமிடம், பொறுத்திருங்கள். பிறகு ஒட்டி, அம்மிக் குழவியால் அழுத்தி உருட்டுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சரியாகச் செய்தும் மறுநாளே காற்றிறங்கினால், முள்ளின் நுனி முறிந்து டயருக்குள்ளேயே இருக்கிறது! வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டயரின் உட்புறம் முழுவதும் பழைய துணியால் துடைத்து வாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். விரலால் தேடினால் விரல்தான் குத்துப்படும். அதைப் பிடுங்க, நம் பாட்டனார்கள் சாவிக் கொத்தோடு வைத்திருந்த முள்வாங்கிக்கு இணையான கருவி இல்லை. இன்று அது பல வீடுகளில் காணாமற் போய்விட்டது. பட்டையான தகரத் துண்டை இரண்டாக மடித்து, நுனிகள் சமமாகச் சேரும்படி தேய்த்தால் புதிதாக ஒன்று கிடைத்துவிடும்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சக்கரத்தின் கோட்டம் எடுக்கும் சாவியைத் தகரத்தில் வெட்டி முயன்றவர்கள், கம்பியின் திருகுமுனைகளை மழுக்கியதுதான் மிச்சம். பெரிய மிதிவண்டியில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின்சக்கரத்துக்கு 40. ஒன்றை முறுக்கினால் மற்றது இழுக்கும். அதையும் பிரேக்கையும் அனுபவப்பட்ட கடைக்காரரிடமே விடுங்கள். காற்றடிக்கும் பம்பையும் விலைக்கு வாங்கத்தான் வேண்டும். தெருவில் நான்கு வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். மற்றவையெல்லாம் ஒரு துணிப்பையில் அடங்கிவிடும். பிள்ளை பள்ளிக்குப் புறப்படும்போது அந்தப் பை இருக்கைக்கு அடியில் கட்டியிருக்கட்டும்.