கருப்பைவாய்ப் புற்றுநோய்: வைரஸ் உயிரணுவின் காவலை வீழ்த்துவது எப்படி?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமான மனிதப் பாப்பிலோமா வைரஸின் 16, 18 ஆகிய வகைகள், உயிரணுவில் நெடுங்காலம் தங்கி, இ6, இ7 என்னும் புரதங்களை உருவாக்குகின்றன. மரபணுச் சேதத்தைக் கண்டால் உயிரணுப் பிரிதலை நிறுத்தும் பி53 என்னும் புற்றடக்கிப் புரதத்தை இ6 சிதையச் செய்ய, பிரிதலுக்குக் கடிவாளமான ஆர்பி புரதத்தை இ7 முடக்குகிறது. வேறு பல புற்றுநோய்களில் பி53 மரபணுவே திரிந்திருக்க, இங்கோ மரபணு பெரும்பாலும் பழுதின்றி இருந்தும் அதன் புரதம் பறிபோவது வியப்புக்குரியது. தொற்று புற்றாக முதிரப் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். அந்த இடைவெளியே மீட்புக்கான வாய்ப்பு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் பரிசோதனையும் உரிய சிகிச்சையும் அளித்ததில், இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. பெண்கள் அனைவரும் 30 வயதைக் கடந்ததும் இப்பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.