கழிவுநீரில் பிறக்கும் மின்னாற்றல்

ஆற்றில் கலக்கும் கழிவுநீர் மீன்களை மூச்சுத்திணற வைத்துக் கொல்கிறது. அந்நீரிலுள்ள உணவு மிச்சம், மலம் முதலிய கரிமப் பொருள்களைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதே இதற்குக் காரணம். எனவேதான் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீருக்குள் இடைவிடாது காற்று செலுத்தப்படுகிறது. அந்நிலையங்கள் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி இதற்கே செலவாகிறது. அச்செலவைத் தாங்க இயலாத ஊர்களில் கழிவுநீர் தூய்மை பெறாமலேயே ஆற்றைச் சேர்கிறது.

ஆயினும், அக்கரிமப் பொருள்களில் வேதியாற்றல் பொதிந்துள்ளது. அதனை மின்னாற்றலாக மாற்றும் கருவியே நுண்ணுயிர் எரிபொருள் மின்கலம்.

இரும்பைச் சுவாசிக்கும் உயிர்

உயிர்கள் உணவை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. மனித உடலில் அவற்றை இறுதியாக ஏற்றுக்கொள்வது ஆக்சிஜன். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கரிமப் பொருளைச் சிதைக்கையில் மின்னழுத்தம் தோன்றுவதை, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் பாட்டர் 1911-இல் வெளியிட்டார். 1987-இல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து பெற்ற ஒரு பாக்டீரியாவைப் பற்றி டெரெக் லவ்லியும் அவர்தம் குழுவினரும் அறிவித்தனர். ஆக்சிஜனுக்கு மாற்றாக இரும்புச் சேர்மத்திற்கு எலக்ட்ரான்களை வழங்கி அது உயிர்வாழ்கிறது. இத்தகைய பாக்டீரியாக்கள் மின்வாய்க்கும் எலக்ட்ரான்களை வழங்க வல்லவை எனப் பின்னர் அறியப்பட்டது.

மின்கலம் இயங்கும் முறை

ஆக்சிஜன் புகாத கழிவுநீரில் ஆனோடு எனும் மின்வாய் அமைக்கப்படுகிறது. அதன்மீது படலமாகப் படியும் பாக்டீரியாக்கள் கரிமப் பொருளை உண்டு, எலக்ட்ரான்களை ஆனோடிற்கு அளிக்கின்றன. அவை கம்பி வழியாகக் கேத்தோடு எனும் மறு மின்வாயை அடைகின்றன. இவ்வோட்டமே மின்னோட்டம். உடன் தோன்றும் புரோட்டான்கள் நீரின் வழியே கேத்தோடை அடைந்து, எலக்ட்ரான்களுடனும் காற்றிலுள்ள ஆக்சிஜனுடனும் இணைந்து நீராகின்றன. இவ்வாறு தூய்மையாக்கலும் மின்னுற்பத்தியும் ஒருங்கே நிகழ்கின்றன.

பயனும் எல்லையும்

2004-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லோகன் குழுவினர் வீட்டுக் கழிவுநீரைக் கொண்டு இம்மின்கலத்தை இயக்கினர். நீரின் வேதி ஆக்சிஜன் தேவை 80 விழுக்காடு வரை குறைந்தது. கிடைத்த மின்திறனோ, மின்வாயின் ஒரு சதுர மீட்டருக்கு 26 மில்லிவாட் மட்டுமே. அவ்வளவில் ஒரு வாட் விளக்கு எரிய ஏறத்தாழ 40 சதுர மீட்டர் மின்வாய் தேவைப்படும். மின்வாய்களின் விலையும் கலத்தைப் பெரிதாக்கும்போது திறன் குறைவதும் இன்றும் தடைகளாக உள்ளன.

எனவே, இம்மின்கலம் அனல்மின் நிலையத்திற்கு மாற்றாகாது. காற்றூட்டும் செலவைத் தவிர்ப்பதும், அகற்ற வேண்டிய கசட்டைக் குறைப்பதுமே இதன் பெரும்பயன். 2015-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவில், மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறுநீரில் இயங்கும் மின்கலங்களால் கழிப்பறைக்கு ஒளியூட்டினர். மின்கம்பி சென்றடையாத முகாம்களிலும் சிற்றூர்களிலும் இருளில் கழிப்பறைக்குச் செல்ல அஞ்சும் பெண்களுக்கு அச்சிறு ஒளியும் பெருந்துணையே. கழிவு என ஒதுக்கப்படுவது, அதன் இயல்பை அறிந்தோர்க்கு வளமாகிறது.