பஞ்சுக் கவசமும் நமது சங்கமும்

பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிக் கோட்டையை அறியாத அங்கத்தினர் நம்மில் இரார். 1751-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபின் படையும் முகமது அலியின் படையும், பிரெஞ்சு, ஆங்கிலத் துணையோடு இவ்வட்டாரத்தில் பொருதன. அந்நூற்றாண்டில் நம் நாட்டு வீரர் பலர் இரும்புக்குப் பதிலாகப் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த அங்கியையே கவசமாக அணிந்தனர். பல அடுக்குத் துணியும் பஞ்சும் நெருங்கிய தையலால் இறுகி, வாள்வீச்சின் வேகத்தைத் தணித்தன. திப்பு சுல்தான் காலத்துக் கவசங்கள் சில இங்கிலாந்துக் காட்சிசாலைகளில் இன்றும் உள்ளன.

பருத்தி விளையும் நம் பகுதியில், பள்ளி நாடகத்துக்கு வீரர் உடை வேண்டுமெனில் ஸ்பாஞ்சை வாங்குகின்றோம். அப்பணத்தில் பயிரிட்டவருக்கும் நெய்தவருக்கும் ஒரு காசும் சேர்வதில்லை.

இவ்வேலையை ஏற்ற சங்கம் ஒன்றைத் தணிக்கையின்போது கண்டேன். அளவுப்படி துணியை வெட்டிய பின்னரே பஞ்சு வைத்துத் தைத்தனர். அங்கிகள் சிறுத்துவிட்டன, நஷ்டம் அங்கத்தினர் தலையில் விழுந்தது.

ஆகவே, கோராத் துணியை முதலில் நனைத்துச் சுருங்கவிடுக. கொட்டிய பஞ்சை இரு துணிகளுக்கிடையே சீராகப் பரப்புக. நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைத்துச் செல்க. ஒவ்வொரு தையல் வரியும் துணியைச் சிறிது உள்ளிழுக்கும். ஆதலால் தைத்து முடித்த பின்னரே அளவெடுத்து வெட்டுக.

முதலில் ஓர் அங்கியைத் தைத்துப் பார்த்து, பஞ்சு, துணி, கூலி மூன்றையும் கணக்கிட்டு, அதன் பின்னரே விலை கூறுவோமாக.