இடம் மாறும் முன் எண்ணிப் பார்ப்போம்

நோர்வேயில் வாழும் எமது குடும்பங்கள் பலவற்றின் கதை மீன் பதனிடும் தொழிற்சாலைகளிலே தொடங்கிற்று. 1980களில் தாயகத்தை விட்டு வந்தோரிற் பலர், வடகோடியில் உள்ள பின்மார்க் மாகாணத்தின் கரையோர ஊர்களில் வேலை பெற்றனர். பிள்ளைகள் வளர வளர, அவர்களிற் பலர் தெற்கு நோக்கிப் பெயர்ந்தனர். நல்ல பாடசாலை, இதமான காலநிலை, கைக்கெட்டிய விலையில் வீடு என்னும் மூன்றையுமே இடம் மாறுவோர் இன்றும் காரணமாகக் கூறுவர். ஆயின் இம்மூன்றும் ஓரூரில் ஒருங்கே கிடைப்பது அரிது. ஆகவே எதைப் பெற எதை விடுகின்றோம் என்பதைப் பெற்றோராகிய நாம் தெளிதல் வேண்டும்.

முதலிற் காலநிலையை நோக்குவோம். வார்டோவில் மாரிகாலத்தில் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் சூரியன் அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. மேற்குக் கரையில் உள்ள பேர்கனில், அத்திலாந்திக் சமுத்திரத்தின் வெப்ப நீரோட்டத்தால் மாரியிலும் குளிர் கடுமையாக இராது. எனினும் அங்கு ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. ஒஸ்லோவில் மழை குறைவு. ஆனாற் குளிர் கூடுதல்.

அடுத்தது வீடு. வடக்கின் சிற்றூர்களில் வீட்டு விலை குறைவு. அதுமட்டுமன்றி, 1990 முதல் பின்மார்க்கிலும் வட துரொம்ஸ் பகுதியிலும் வாழ்வோருக்கு வருமான வரிக் குறைப்பு, கல்விக் கடனில் ஆண்டுதோறும் ஒரு பகுதித் தள்ளுபடி முதலிய சலுகைகள் உண்டு. 2023 ஆகஸ்ட் முதல் அங்கு சிறுவர் பூங்காவும் இலவசம். தெற்கே செல்வோர் இவற்றை இழப்பர். ஒஸ்லோவிலோ வீட்டு விலை மிக உயர்வு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 இலட்சம் குரோனருக்கு ஒரு வீடு வாங்குவதாகக் கொள்வோம். 2024 இறுதியில் மாற்றப்பட்ட விதியின்படி, பொதுவாக 10 வீதம், அதாவது 4 இலட்சம் கைமுதலாக வேண்டும். எஞ்சிய 36 இலட்சத்தைக் கடனாகப் பெறலாம். மொத்தக் கடன் ஆண்டு வருமானத்தின் 5 மடங்கை மிஞ்சலாகாது என்பதால், வேறு கடன் இல்லாத குடும்பத்துக்கும் 7 இலட்சத்து 20 ஆயிரம் வருமானம் தேவை. சொந்த நிலத்தோடு கூடிய வீடாயின் 2.5 வீதப் பதிவு வரியாக மேலும் ஓர் இலட்சம் செலுத்த வேண்டும். கூட்டுறவு வீடமைப்பில் இவ்வரி இல்லை. ஆனால் அங்கே பொதுக்கடனில் எமது பங்கையும் விலையோடு கூட்டிப் பார்த்தல் அவசியம்.

மூன்றாவது பாடசாலை. நாடெங்கும் ஒரே பாடத்திட்டமே உள்ளது. முதற் பத்து ஆண்டுக் கல்வியைப் பொறுத்தவரை, சிற்றூர்ப் பாடசாலை தாழ்ந்தது என்று எண்ணுவது பொருந்தாது. வேறுபாடு அதன் பின்னரே புலப்படும். சிற்றூர்கள் பலவற்றில் மேனிலைப் பாடசாலை இல்லை. அதனால் 16 வயதுப் பிள்ளை வீட்டைப் பிரிந்து வேற்றூரில் அறை எடுத்துத் தங்க நேர்கின்றது. எமது குடும்பங்கள் பல தெற்கே பெயர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இடம் மாறுவதாயின் காலமும் அறிந்து மாறுதல் நன்று. 8ஆம் வகுப்பில் இருந்தே புள்ளிகள் வழங்கப்படுகின்றன. மேனிலைப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கும் இறுதி நாள் பொதுவாக மார்ச் 1. எனவே 10ஆம் வகுப்பின் நடுவில் பிள்ளையைப் பெயர்த்து நடுதல் துன்பம் தரும். 8ஆம் வகுப்புக்கு முன்னரோ, 10ஆம் வகுப்பு முடிந்த பின்னரோ, ஆகஸ்ட் நடுவில் பள்ளியாண்டு தொடங்கும் வேளையில் மாறுவது சிறந்தது. பதினைந்து வயதில் நண்பரைப் பிரிதல் பெற்றோருக்குச் சிறிதாகத் தோன்றலாம். பிள்ளைக்கு அதுவே உலகம்.

இந்த மூன்றோடு நாலாவதாக ஒன்றையும் நாம் சேர்த்துக்கொள்வோம். அது தமிழ். செல்லும் ஊரில் வார இறுதித் தமிழ்ப் பாடசாலை உண்டா, எவ்வகுப்பு வரை உண்டு என்று முன்னரே விசாரித்தல் வேண்டும். விட்டுச் செல்லும் ஊரையும் நினைத்தல் வேண்டும். பத்துப் பிள்ளைகள் படிக்கும் சிறு பாடசாலையில் இரு குடும்பங்கள் வெளியேறினால் ஒரு வகுப்பே மூடப்படலாம். அதற்காக எவரும் போகாதிருக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. போகுமுன் ஆசிரியருக்கு அறிவித்தால், மாற்று ஒழுங்கு செய்ய அவகாசம் கிடைக்கும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் இதிற் பங்குண்டு. தம்மைப் பற்றிய விடயங்களிற் பிள்ளைகளின் கருத்துக் கேட்கப்பட வேண்டும் என்பது 2014 முதல் நோர்வே அரசியலமைப்பின் 104ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. உங்கள் விருப்பையும் அச்சத்தையும் அம்மா, அப்பாவிடம் மனம் திறந்து கூறுங்கள். பெற்றோர்களே, முடிவெடுத்த பின் அறிவிப்பதை விட, முடிவெடுக்கும் முன் பிள்ளைகளோடு அமர்ந்து பேசுவோம். ஏன் போகின்றோம் என்பதை அறிந்த பிள்ளை, போகும் ஊரில் விரைவில் வேரூன்றும்.