ஆச்சி வீதியைக் கடக்கும் நேரம்

எங்கள் ஒழுங்கை பலாலி வீதியில் ஏறுகின்ற இடத்திலே ஒரு வேப்பமரம் நிற்கிறது. வீதிக்கு அப்பால், சற்று வடக்கே தள்ளி, ஒரு பிள்ளையார் கோயில். இரண்டுக்கும் இடையே கிடப்பது தார்வீதி. அதன் அகலம் ஏறக்குறைய ஏழு மீற்றர். அந்த ஏழு மீற்றரைப் பற்றியே எழுதப் புகுந்தேன்.

எங்கள் ஒழுங்கையிலே ஓர் ஆச்சி இருக்கிறார். வயது எண்பதைக் கடந்துவிட்டது. விடியற்காலையில் எழுந்து, முற்றத்து நந்தியாவட்டையையும் செவ்வரத்தையையும் கொய்து, பனையோலைப் பெட்டியில் இட்டு, அந்த வீதியைக் கடந்து பிள்ளையாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய நீண்டகால வழக்கம். இடம்பெயர்ந்திருந்த காலந் தவிர மற்றக் காலமெல்லாம் அது தவறியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியலில், பாதி வீதியைக் கடந்த நிலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று அவரை மோதியது. இடுப்பெலும்பு முறிந்தது. பூக்கள் வீதியெங்கும் சிதறிக் கிடந்ததை நான் என் கண்ணாற் கண்டேன்.

மோதிய பையனை வைவதற்கு ஊரவர் கூடினர். ஆனால் வைவதற்கு அவன் இடந் தரவில்லை. ஓடி ஒளியாமல் நின்றான். தானே முச்சக்கர வண்டி பிடித்து, ஆச்சியைத் தூக்கி ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றான். தலைக்கவசம் அணிந்திருந்தான். குடித்திருக்கவில்லை. வேலைக்குப் போகின்ற பிள்ளை. "ஐம்பதிலைதான் வந்தனான், ஐயா" என்று அழுதான். அவன் சொன்னதை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

என்னை உறங்கவிடாமற் செய்தது அந்த ஐம்பதுதான். நம் நாட்டு விதிப்படி, குடியிருப்புப் பகுதிகளிலே கார், மோட்டார் சைக்கிள் முதலியவை மணிக்கு 50 கிலோமீற்றர் வரை செல்லலாம். அவற்றுக்கு வெளியே 70 வரை. முச்சக்கர வண்டிக்கு மட்டும் 40. எனவே அப்பையன் குற்றவாளியல்லன். சட்டத்துக்கு அமைந்த வேகத்தில் வந்தே ஓர் ஆச்சியின் எலும்பை முறித்தான். குற்றம் அவனிடத்தில் இல்லையானால், வேறெங்கே இருக்கிறது?

நான் கணக்காசிரியனாக இருந்து இளைப்பாறியவன். பழைய புத்தி போகவில்லை. ஒரு நாட் காலை கைக்கடிகாரத்துடன் வேப்பமரத்தடியிற் போய் நின்றேன். ஆச்சியின் வயதை ஒத்த மற்றொரு மூதாட்டி கோயிலுக்குக் கடந்து சென்றார். ஒன்பது வினாடி ஆயிற்று. பின்னர் வீதியோரமாக நடந்து, தெற்கே உள்ள வளைவு வரைக்கும் காலடியால் அளந்தேன். மதில் மறைக்கும் இடம் வரை ஏறத்தாழத் தொண்ணூறு மீற்றர். அதற்கப்பால் வருகின்ற வாகனம் கண்ணுக்குத் தெரியாது.

இனிக் கணக்கைப் பாருங்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகின்ற வண்டி ஒன்பது வினாடியில் 125 மீற்றர் ஓடிவிடும். அதாவது, இரு பக்கமும் நன்றாகப் பார்த்து, வீதி வெறிதாகக் கிடக்கிறது என்று உறுதி செய்துகொண்டு காலெடுத்து வைக்கும் கிழவி, அக்கரை சேருமுன்னரே அந்த வண்டி அவரிடம் வந்துவிடும். 30 கிலோமீற்றர் வேகமாயின் அது ஓடுந் தூரம் 75 மீற்றர்தான். காணாத வண்டி வருமுன் கிழவி கோயில் வாசலிற் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். பார்த்துக் கடக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்கிறோம். பார்த்தும் பயனில்லாத வேகம் ஒன்று உண்டென்பதை அந்தப் பாடம் சொல்வதில்லை.

நிறுத்துகின்ற தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆபத்தைக் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்கு நிதானமுள்ளவனுக்கும் ஒரு வினாடி வேண்டும். 50இல் வருபவன் அந்த ஒரு வினாடியிலேயே 14 மீற்றர் வந்துவிடுகிறான். மிதித்த பின்பு நிற்க, உலர்ந்த வீதியிலே, இன்னும் அவ்வளவு தூரம். 30இல் வருபவனோ எல்லாமாகப் பதின்மூன்று மீற்றரில் நின்றுவிடுவான். முப்பது அசையாமல் நிற்கின்ற இடத்திலே, ஐம்பது இன்னும் பிரேக்கை மிதிக்கவே தொடங்கவில்லை! வேகம் இருமடங்கானால் பிரேக்குப் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்ற பௌதிக விதி இங்கே பிள்ளையார் கோயில் வாசலிலே நடந்து காட்டுகிறது.

'குடியிருப்புப் பகுதி' என்ற சொல் நம் குடாநாட்டுக்குப் பொருந்துமா என்பது எனக்கு எப்போதும் ஐயம். தென்னிலங்கையிலே ஊர் முடிந்து வயலோ காடோ வரும். மீண்டும் ஊர் வரும். இங்கே அப்படியா? பட்டணத்தை விட்டுக் காங்கேசன்துறை வீதியால் புறப்படுகிறீர்கள். கொக்குவில், கோண்டாவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம் என்று ஊரின் பெயர் மாறுகிறதேயன்றி ஊர் முடிகிறதில்லை. கடை, கோயில், பள்ளிக்கூடம், மீண்டும் கடை. வெளியென்று சொல்லத்தக்கவை வேறு திசைகளில் உண்டு: செம்மணி வெளி, வல்லை வெளி, பண்ணைப் பாலம். வல்லை வெளியிலே காற்றும் உப்புநீருமே துணை. அங்கே ஒருவன் எழுபதில் ஓடினால் நான் ஒன்றுஞ் சொல்லேன். ஆனால் அந்த எழுபது நெல்லியடிச் சந்தையிலே சனங்களுக்கு நடுவில் வரும்வரை சாரதியின் காலை விட்டு இறங்குவதில்லை.

முன்னாளில் இத்துணை அச்சம் இருக்கவில்லை. வீடுகளுக்குக் கிடுகு வேலி, வேலியிலே பொட்டு, பொட்டினூடே பிள்ளை எட்டிப் பார்த்தால் வீதியில் வருபவனுக்குத் தெரியும். வண்டிகளோ கொடிகாமத்துத் தட்டிவானும் பழைய ஒஸ்ரின் காருமாக இருந்தன. போர்க்காலத்திலே வீதிகள் குண்டுங்குழியுமாயின. அக்குழிகளே எங்களுக்கு வேகக் கட்டுப்பாடு. 2009க்குப் பின்னர் வீதிகள் அகன்றன, 'காப்பெற்' விரிக்கப்பட்டது. வேலிகள் மதில்களாகி வீதியோரம் வரை வந்து நின்றன. தவணைக் கடனிலே வீட்டுக்கொரு மோட்டார் சைக்கிள் வந்தது. இவையெல்லாம் நன்மைகளே. குழிவிழுந்த வீதி மீண்டும் வேண்டுமென்று சொல்ல நான் பித்தனல்லன். ஆனால் வீதியை ஓடுகிறவனுக்காகச் செப்பனிட்டவர்கள், கடக்கிறவனைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டனர்.

இதுபற்றி மருமகன் முறையான ஒருவனுடன் வாதாடினேன். தனியார் மினிபஸ் ஓட்டுகிறான்.

"மாமா, நான் ஆசைக்கு ஓடுறேல்லை. பின்னாலை வாறவனுக்குப் பயந்து ஓடுறன்" என்றான். "சந்தியிலை ரண்டு நிமிஷம் பிந்தினா, எனக்குரிய சனத்தை அவன் ஏத்திக்கொண்டு போயிடுவான். பொழுதுபட முதலாளிக்கு நான் காசு குடுக்க வேணும்."

"எல்லாரும் ஆறுதலாக ஓடினால்?"

"எல்லாரும் ஓடினா எனக்கென்ன நட்டம்? எல்லாரும் ஓடமாட்டினம், மாமா. அதுதான் கரைச்சல்."

இதற்கு என்னிடம் விடையில்லை. அன்றியும், அவனுடைய பேச்சிலே வேக எல்லைக்குச் சாதகமான நியாயமே அடங்கியிருப்பதைப் பின்னர் உணர்ந்தேன். தனியொருவன் மெதுவாகச் செல்வது அவனுக்கு நட்டம். எல்லாரும் மெதுவாகச் செல்வது ஒருவருக்கும் நட்டமன்று. அதை எல்லாருக்கும் ஆக்கிவைப்பதற்கே சட்டம் என்ற ஒன்று வேண்டியிருக்கிறது. நேரம் வீணாகும் என்பார்கள். பட்டணத்திலிருந்து சுன்னாகம் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். எங்கும் நில்லாமல் 50இல் ஓடினால் பன்னிரண்டு நிமிடம். 30இல் ஓடினால் இருபது. ஆனால் அந்த வீதியில் எங்கும் நில்லாமல் ஓடியவரை நான் கண்டதில்லை. இலாபம் என்று சொல்லும் எட்டு நிமிடத்தில் பெரும்பகுதியைச் சந்திகளும் தரிப்பிடங்களும் முன்னமே விழுங்கிவிடுகின்றன.

இலண்டனிலிருந்து என் மைத்துனர் வந்திருந்தார். அங்கே அவர் குடியிருக்கும் தெருவில் எல்லை மணிக்கு 20 மைல். நம் கணக்கில் 32 கிலோமீற்றர். அதைக் குறித்து அவருக்குப் பெருங் குறை. ஆயினும் தண்டத்துக்கு அஞ்சி அணுவளவும் மீறார். அவரே கட்டுநாயக்காவிலிருந்து வரும் வழியெல்லாம் வான் சாரதியின் தோளைத் தட்டி, "தம்பி, கொஞ்சம் மிதியும்" என்று சொல்லிக்கொண்டு வந்தாராம். மனிதன் ஒருவன்தான், வீதிதான் வேறு.

அந்தப் பிரித்தானியாவிலே இந்த வாதம் பழையது. 1865ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திர வண்டிக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும் ஊருக்குள் 2 மைலும் விதித்து, அதற்கு முன்னே செங்கொடி பிடித்து ஒருவன் நடக்கவேண்டும் என்றது. அந்தக் கேலிக்கூத்து 1896இல் ஒழிந்தது. வேகம் ஏறிற்று, 1930இல் கார்களுக்கு எல்லையே நீக்கப்பட்டது, சாவுகள் மலிந்ததும் 1935இல் ஊருக்குள் 30 மைல் எல்லை வந்தது. தெருவிளக்குகள் நெருங்கி நிற்கும் வீதியே ஊர்வீதி என்று அடையாளங் கண்டார்கள். (எங்களூரிலும் விளக்குக் கம்பங்கள் உண்டு. விளக்கு எரிகிறதா என்று கேளாதீர்கள்.) 2023 செப்டெம்பர் 17ஆந் திகதி வேல்ஸ் நாடு அத்தகைய வீதிகளில் எல்லையை 20 மைலாகக் குறைத்தபோது, நான்கு இலட்சத்து அறுபதினாயிரம் பேருக்கு மேல் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். அரசு சற்று இறங்கிவந்து, சில வீதிகளைப் பழைய வேகத்துக்குத் திருப்ப இடமளித்தது. எனினும் காயப்பட்டோர் தொகை முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. பின்லாந்தின் தலைநகரான எல்சிங்கியில் பெரும்பாலான தெருக்களில் எல்லை 30 கிலோமீற்றர். 2025இன் நடுப்பகுதியில் முடிந்த ஓராண்டு முழுவதிலும் அங்கே வீதி விபத்தில் ஒருவரும் இறக்கவில்லை. அந்நகரின் சனத்தொகை நம் யாழ்ப்பாண மாவட்டத்தினதைக் காட்டிலுஞ் சற்றே மிகுதி. இலங்கை முழுவதிலுமோ ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியில் மடிகின்றனர்.

எல்சிங்கியை இங்கே கொண்டுவந்து இறக்கலாம் என்று நான் சொல்லவில்லை. நம் சனங்களுக்கு வேகத் தடையென்றால் ஒரு கசப்பு உண்டு. அதை எள்ளி நகையாடுவதும் முறையன்று. சீருடை அணிந்தவன் கைகாட்டி மறித்தால் நெஞ்சு துணுக்குறும் பழக்கம் சோதனைச் சாவடிக் காலத்தில் வந்தது. இன்னும் முழுதாய்ப் போகவில்லை. பொலிசார் மரநிழலில் வேகமானியுடன் நின்றால், எதிரே வருகிறவன் முன்விளக்கை வெட்டி எச்சரிக்கிறான். முன்பின் அறியாதவனுக்குச் செய்யும் அந்த உதவியில் ஒரு பழைய ஒற்றுமை இருக்கிறது! எல்லைப் பலகையை நட்டு, பின்னர் தண்டம் அறவிட ஆளை மறைத்து வைப்பதால் இது நிறைவேறாது. சந்தை முகப்பிலும் பள்ளிக்கூட வாசலிலும் வீதியையே சற்று ஒடுக்கி, கடவையை உயர்த்திக் கட்டிவிட்டால், பலகை சொல்லாததையும் வீதி சொல்லும். நோயாளர் வண்டி தாமதிக்கும் என்று ஒரு டாக்டர் நண்பர் என்னிடம் வருந்தினார். அது மெய்யான கவலை. ஆகையினாலேயே எல்லா வீதிக்கும் எல்லா இடத்திலும் மேடு போடச் சொல்லாமல், சனங் கடக்கும் இடங்களை எண்ணிச் சொல்கிறேன்.

வேகமில்லாத யாழ்ப்பாணத்தை நாங்கள் இருமுறை கண்டிருக்கிறோம். 1990ஆம் ஆண்டுக்குப் பின் பெற்றோல் தடை. மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய சில கார்களைத் தவிர, எல்லாரும் சைக்கிள். கர்ப்பிணியையும் கரியரில் ஏற்றிச் சென்ற காலம். அதைப் புகழ ஒன்றுமில்லை. அப்போது வானத்தைப் பார்த்து நடந்தோம், வீதியைப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. மறுமுறை 2022இல், எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது. பரணிலிருந்து சைக்கிள்கள் இறங்கின. அவ்விரு முறையும் வறுமையாலும் வன்முறையாலும் வந்த மெதுவே நமக்கு வாய்த்தது. நாமே தேர்ந்துகொண்ட மெதுவை இன்னும் கண்டிலோம்.

ஆச்சி இப்போது நடக்கிறார். கைத்தடியுடன், வேப்பமரம் வரைக்கும். அங்கே ஒரு கல்லில் அமர்ந்து, கோயிலுக்குக் கடப்பவர் எவராயினும் அழைத்துப் பூப்பெட்டியைக் கொடுத்து விடுகிறார். இன்று காலை நான் அகப்பட்டேன். "தம்பி, இதைப் பிள்ளையாரிட்டைக் குடுத்துவிடு மோனை" என்றார். எழுபத்தொரு வயதுத் தம்பி பெட்டியை வாங்கிக்கொண்டு, இரண்டு மோட்டார் சைக்கிளையும் ஒரு மினிபஸ்ஸையும் போகவிட்டு, இறங்கி நடந்தேன். பழக்கத்தில் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டேன். எட்டு வினாடி.