மாசிபத்திரி, பார்த்தீனியம்: மகரந்த ஒவ்வாமை

நீலகிரி மலைச்சரிவுகளில் தானாக வளரும் மாசிபத்திரி, பூக்கடை மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்தது. காற்றில் பரவும் இதன் மகரந்தம், ஒவ்வாமை உள்ளோருக்குத் தொடர் தும்மல், கண் அரிப்பு, மூச்சிரைப்பு ஆகியவற்றை உண்டாக்கும். தாம்பரம், சேலையூர், முடிச்சூர்ப் பகுதிகளின் காலிமனைகளில் மழைக்குப்பின் மண்டும் பார்த்தீனியமும் இதே சூரியகாந்திக் குடும்பமே. ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றதும் ஒவ்வாமல் போகலாம். எனவே மாசிபத்திரி சேர்ந்த மூலிகை மருந்துகளை உட்கொள்ளும் முன் மருத்துவரிடம் இதனைத் தெரிவிக்கவும்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறையும் முகக்கவசமும் அணிந்து வேருடன் அகற்ற வேண்டும். ஆஸ்துமா நோயாளிகள் இப்பணியில் ஈடுபடக் கூடாது. சளி என்றெண்ணி இருமல் மருந்திலேயே வாரங்களைக் கடத்துவோர் பலர். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சமும் தேவையற்றது. பேச இயலாத அளவு மூச்சுத்திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108-ஐ அழைக்கவும்.