எண்ணூர் முகத்துவாரமும் துருவப் பனியும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரச் சாலையில் போனால் மணலைவிடக் கருங்கல்தான் அதிகம் கண்ணில் படும். ஆங்காங்கே தூண்டில் வளைவுகள் கடலுக்குள் நீண்டு கிடக்கும். இந்தக் கரையைத் தின்றது துருவப் பனி அல்ல. 1876-இல் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கியபின், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அலைதடுப்புச் சுவரில் தேங்கியது. மெரினா அகன்றது, ராயபுரமும் திருவொற்றியூரும் தேய்ந்தன. அப்படியிருக்க, கிரீன்லாந்துப் பனியைப் பற்றி வடசென்னை ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் துறைமுகம் செய்த சேதம்தான் இந்தக் கரையைப் பனியுருகலின் விளைவுக்கு எளிதில் ஆளாக்கி வைத்திருக்கிறது. கடல் உயர்ந்தால் மணற்கரை பின்னுக்கு நகர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். கல்சுவரால் நகர முடியாது. அதன் பின்னாலேயே சாலையும் வீடுகளும் நிற்கின்றன.

மிதக்கும் பனி உருகினால், டம்ளரில் மிதக்கும் ஐஸ்கட்டி கரைவதுபோல, நீர்மட்டம் அநேகமாக ஏறாது. நிலத்தின் மேல் கிடக்கும் பனி வேறு. கிரீன்லாந்தில் மட்டும் கடலைச் சுமார் 7 மீட்டர் உயர்த்தும் அளவு இருக்கிறது. அது முழுதும் உருகப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் உலக சராசரிக் கடல்மட்டம் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. 1901–1971 காலத்தில் அது 1.3 மட்டுமே. இன்னொன்றும் உண்டு. பெரும் பனிப்பரப்பு தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடலை இழுத்து வைத்திருக்கிறது. பனி குறையும்போது அந்தப் பிடி தளர்ந்து, அருகில் கடல் தாழ, தொலைவில் சராசரியைவிடச் சற்று அதிகமாக ஏறும். தொலைவு நமக்குப் பாதுகாப்பு இல்லை.

சென்னைத் துறைமுகத்து நீண்டகாலக் கடல்மட்டப் பதிவு மிகச் சிறிய ஏற்றத்தைத்தானே காட்டுகிறது என்பார்கள். பதிவில் இடைவெளிகள் உண்டு. தரையின் அசைவும் காற்றும் நீரோட்டமும் ஓரிடத்து அளவை மாற்றும். அதைவிட முக்கியம், ஆண்டுச் சராசரி எந்த வெள்ளத்தையும் உண்டாக்குவதில்லை. வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே திரும்புகிறது. புவிச்சுழற்சி அந்த நீரைக் கரைப்பக்கம் ஒதுக்குவதால் கடல்மட்டம் உயர்கிறது. அதே மாதங்களில்தான் கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரம் வழியே மழைவெள்ளத்தை வெளியேற்ற வேண்டும். கடல் சில அங்குலம் கூடினாலும் ஆற்று நீர் வடிவது தாமதமாகும்.

தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை நினைத்தால் போதும்: வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூரில் வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடாகப் படிந்தது. கழிமுகத்தில் படிந்து நீர் வடிவதைத் தடுக்கும் அனல்மின் நிலையச் சாம்பலை அள்ளுவதும், கல்சுவரின் உயரத்தை ஆண்டுச் சராசரியால் அல்லாமல் நவம்பர் மாதக் கடல்மட்டத்தால் கணக்கிடுவதும் இங்கிருந்தே செய்யக்கூடியவை. அவற்றுக்குப் பனியைப் பற்றிய விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.